உனக்கு இரண்டு கைதானே, மாப்ளே

எங்கே இருந்தாலும் நனையாமல் இருக்க வேண்டிய என் மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிவிட்டது. கடிதம் எழுதிப் பழக்கமில்லை நமக்கு. மேலே போடிமெட்டுக்கும் கீழே போடிக்கும் நடுவே ஜீப்பில் போய்வந்த துண்டுச் சீட்டுகளோடு சரி. "பேட்டரி ரெண்டு குடுத்துவிடு, வெத்தல மறந்துறாத" என்று எழுதுவாய். வெற்றிலை வந்து சேர்ந்துவிடும், பேட்டரிதான் வராது.

நம் துறையில் வேலை பார்ப்பவர்கள் நடத்துகிற மாதப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். "கடமை தவறாத ஊழியர்" என்று முதல் வரியை அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன் பெண்டாட்டியிடம், அதாவது என் கூடப்பிறந்த நாகம்மாளிடம், நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீ எதிர்த்து ஒன்றும் கேட்க மாட்டாய் என்ற தைரியம்தான்.

முதலில் ஊர்ச் சேதி. மெட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் சேர்ந்து கேரளம் என்று ஒரே ராஜ்யமாகிவிட்டது. ஜீப்பு ஓட்டுகிற தங்கையா மட்டும் இன்னமும் திருவாங்கூர் என்றுதான் சொல்கிறான். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த உன் மகள் இப்போது சிலமலைத் தெருவில் கோழிகளை விரட்டிக்கொண்டு ஓடுகிறாள். மதுரை ரயில் நேரத்துக்கு வருகிறது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் சொல்லவில்லை.

இன்னொரு சேதி உண்டு. ருஷ்யாக்காரன் வானத்தில் ஓர் உருண்டையை ஏற்றிச் சுற்ற விட்டிருக்கிறான். அதற்குள் ரேடியோ, பேட்டரி எல்லாம் உண்டாம். நம் என்ஜினியர் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து, விடியற்காலையில் திருகித் திருகிப் பிடித்தார். பீப், பீப் என்று நானும் கேட்டேன். உள்ளே இருக்கிற சூட்டைக்கூட அந்தச் சத்தத்தின் நீளத்திலேயே சொல்கிறது என்றார். நீ இருந்தால் அதன் முன்னால் பாய் போட்டுப் படுத்திருப்பாய். என்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். "என்ன ஆச்சு?" என்று கேட்டார். இன்னும் பல் விளக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நாம் என்ன வேலை பார்த்தோம் என்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். போடிமெட்டுக்குக் கீழே, ஏலத் தோட்டம் முடிகிற சரிவில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே மழை அளக்க ஒரு மழைமானி, ஓடையில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு மிதவை, காற்றின் வேகம் பார்க்க ஒரு காற்றாடி. மூன்றும் சொல்வதை ஒரு ரேடியோ கீழே அனுப்பும். போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனின் மாடியில் நான் அதைப் பிடிக்கிற பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். ஓடுகிற காகிதச் சுருளில் ஒரு பேனா முள் அதைப் புள்ளியும் கோடுமாக எழுதிக்கொண்டே போகும். மலையில் பேய்மழை கொட்டினால், ஆற்றில் வெள்ளம் இறங்குவதற்கு முன்பே கீழே இருக்கிற சனங்களுக்குச் சொல்லிவிடலாம். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ரேடியோ ஒன்று, கருவி மூன்று. அதனால் ஒரு சுவிட்ச்சு மோட்டாரில் சுற்றிக்கொண்டே மழை, தண்ணீர், காற்று என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும். முதலில் நிமிஷத்துக்கு ஒரு சுற்றுதான். என்ஜினியருக்கு அது போதவில்லை, விநாடிக்கு ஒரு சுற்று வேண்டும் என்றார். வேகத்தைக் கூட்டினோம். எது மழை, எது காற்று என்றே தெரியாமல் காகிதம் முழுக்கப் புள்ளி. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் நீதான் மேலேயிருந்து சீட்டு அனுப்பினாய்: "மச்சான், சுத்துக்கு ஒருக்கா நீளமா ஒரு கோடு விழுகுற மாதிரி நாலாவதா ஒரு தொடுப்பு வச்சிருக்கேன். அந்தக் கோட்டுல இருந்து எண்ணிப் பாரு." எண்ணிப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. என்ஜினியர் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். நான் வேலு கோடு என்றுதான் நோட்டில் எழுதினேன்.

ஒன்று மட்டும் அதில் கிடையாது. கீழேயிருந்து மேலே பேச வழியில்லை. நீ அனுப்புவதை நான் வாங்கிக்கொள்ளலாம், திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்றால் தங்கையாவிடம் சீட்டுக் கொடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி அவன் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். திருப்பிப் பேசுகிற ரேடியோவை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். நாமும் அதற்காக மல்லுக்கு நிற்கவில்லை. உன்னிடம் அப்படி என்ன அவசரமாக நான் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன்.

கருவிகளைச் சோதிக்க வேண்டுமென்றால் மழைக்காகக் காத்திருக்க முடியுமா? நீ சொம்பில் தண்ணீர் மொண்டு மழைமானியில் ஊற்றுவாய். மிதவையைக் கையால் தூக்கிப் பிடிப்பாய். கம்பத்தில் ஏறிக் காற்றாடியை விரலால் சுற்றுவாய். எத்தனை மணிக்கு எதைச் செய்தாய் என்று சீட்டில் எழுதி அனுப்புவாய், நான் சுருளோடு ஒத்துப் பார்ப்பேன். அதோடு நிறுத்தினாயா நீ? நான் தூங்குகிறேனா என்று பார்க்க நினைத்த நேரமெல்லாம் ஊற்றுவாய்.

அந்தச் சித்திரையை மறந்திருக்க மாட்டாய். அப்போது நிமிஷத்துக்கு ஒரு சுற்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மண்டை பிளக்கிற வெயிலில் பேனா அரை மணி நேரம் அடைமழை எழுதியது. நான் பதறிப்போய், ஆற்றங்கரைக்கு ஆளை ஓடவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கரையேற்றினேன். ஈரத்துணியோடு நின்று அவர்கள் என்னைத் திட்டியது குடோன் வரைக்கும் கேட்டது. சனிக்கிழமை நீ இறங்கி வந்தாய். "முழிச்சிருக்கியான்னு பாத்தேன் மச்சான்!" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கடைத்தெருவில் ஒரு வாரம் என்னைக் கண்டால் குடையை விரித்துக் காட்டினார்கள். இனி இவனிடம் ஏமாறுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆடி மாதம். விநாடிக்கு ஒரு சுற்று ஓட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. போடியில் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது, ஒரு பொட்டு மழை இல்லை. மலை மேல் மேகம் மூடிக் கிடந்தது. ஆடியில் அது என்றைக்கும் மூடித்தான் கிடக்கும். காலை பத்து மணி இருக்கும், பேனா திடீரென்று துள்ளியது. மழைப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு விழுந்தன. தண்ணீர் மட்டம் மளமளவென்று ஏறியது. காற்றுப் புள்ளிகளுக்குக் கட்டுப்பாடே இல்லை.

கீழே ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த ராக்கம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பு, பெட்டி இந்தத் துள்ளு துள்ளுது?"

"எங்க மாப்ள சொம்பத் தூக்கிட்டான் ஆத்தா. அவனுக்கு வேற சோலி என்ன?" என்றேன்.

"மேல நெசமாவே மழையா இருக்கப் போகுதுப்பு."

"இம்புட்டு மழையா? போ ஆத்தா, போய்ச் சோலியப் பாரு."

அவளை அனுப்பிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். சுருளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் எழுதினேன்: "வேலு விளையாடுகிறான்."

நாற்பது நிமிஷம் அது ஓடியது. ஊற்று ராசா, ஊற்று என்று நான் பேனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு நின்றுவிட்டது. புள்ளி இல்லை, உன் நீளக் கோடும் இல்லை. பேட்டரி போய்விட்டது, நாளைக்குச் சீட்டு வரும் என்று நினைத்தேன். கீழே இறங்கி டீ குடித்தேன். வடை தின்றேன் மாப்ளே. சூடாக இருக்கிறது என்று இன்னொன்றும் வாங்கித் தின்றேன்.

மதியத்துக்குள் ஆற்றில் செம்மண் தண்ணீர் புரண்டு வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் இரண்டு போய்விட்டன. அப்போதுதான் மாடிக்கு ஓடிப் போய்ப் பேனாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கையாவின் ஜீப்பு குடோன் வாசலில் வந்து நின்றது. அவன் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தான்.

"அண்ணே, மேல மழன்னா மழ, அப்படியொரு மழ. சரிவு மொத்தமா வழுக்கிருச்சு. கொட்டகையக் காணோம்ணே."

"வேலு எங்கடா?"

"லயம் லயமா ஏறிக் கேட்டுட்டேன். எங்கயும் வரலயாம். தோட்டத்துச் சேட்டன்மாரெல்லாம் தோண்டிக்கிட்டிருக்காக. வெரசா ஏறுங்கண்ணே."

மறுநாள் மதியம்தான் உன்னை எடுத்தோம். மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்கிற உன் சாக்குக் கொங்காணி உன் மேல் இல்லை. அதை ரேடியோப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தாய். நனையாமல் அது கடைசிவரை பேச வேண்டும் என்றுதானே?

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கொட்டகையிலிருந்து பத்து நிமிஷ நடை. தோட்டத்து ஆட்கள் எல்லாம் அங்கே ஏறித் தப்பித்திருக்கிறார்கள். நீ ஏன் ஓடவில்லை? கீழே மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறான், இந்நேரம் ஆற்றங்கரைக்கு ஆளை விட்டிருப்பான் என்று நம்பி நின்றாயா? சித்திரையில் பொய் மழைக்கே ஓடியவன் நிஜ மழைக்கு ஓடாமலா இருப்பான் என்று நினைத்தாயா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சுருளை விரித்துப் பார்த்தேன். அதுவரை அதைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்றால், ஒரு ஆள் இங்கே ஊற்றி, அங்கே போய்த் தூக்கி, கம்பத்தில் ஏறிச் சுற்றி ஏமாற்றிவிடலாம். இது விநாடிக்கு ஒரு சுற்று. உன் ஒரு நீளக் கோட்டுக்கும் அடுத்த நீளக் கோட்டுக்கும் நடுவில் மழை கொட்டுகிறது, தண்ணீர் ஏறுகிறது, காற்றாடியும் சுற்றுகிறது. அடுத்த விநாடியும் மூன்றும். அதற்கடுத்த விநாடியும் மூன்றும். நாற்பது நிமிஷமும் அப்படியே. மழைமானி கொட்டகை வாசலில், மிதவை ஓடைக்குள், காற்றாடி கம்பத்தின் உச்சியில். உனக்கு இரண்டு கைதானே, மாப்ளே?

விளையாட்டு இல்லை என்று விநாடிக்கு ஒரு தரம் நீ சொல்லியிருக்கிறாய். அந்த வேகத்துக்காகத்தானே மாதக்கணக்கில் நாம் மாரடித்தோம்? அது வந்து சேர்ந்தது, பிசகில்லாமல் வேலை செய்தது, கண்ணெதிரே பச்சையாக எழுதிக் காட்டியது. அதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரப்பரை எடுத்து அந்த இரண்டு வார்த்தையை அழித்தேன். அழித்த பிறகுதான் சுருளை விசாரணைக்குக் கொடுத்தேன். இதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன், துறையில் இருப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என்ஜினியர் நல்ல மனுஷன். அழித்ததை அவர் கவனிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "உங்களுக்கு அப்பவே புரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஜீப்பு மேல போகவே ஒன்றரை மணி நேரம் ஆகுமே" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். உண்மைதான், என்னால் உன்னைக் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஆனாலும் நான் கிளம்பியிருப்பேன் மாப்ளே. உன்னிடம் வந்து சேர்ந்திருக்க மாட்டேன், பாதி வழியில்தான் இருந்திருப்பேன். இருந்தாலும் டீக்கடையில் இருந்திருக்க மாட்டேன்.

போன மாதம் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாகம்மாளுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "அவுக கடைசியா அனுப்புனத எனக்கு ஒருக்க வாசிச்சுக் காட்டுண்ணே" என்றாள். சிலமலைக்குக் கொண்டுபோய் அவள் வீட்டுத் தரையில் விரித்தேன். மண்டியிட்டு நகர்ந்துகொண்டே என் கூட வந்தாள். இது மழை தாயி, இது தண்ணி, இது காத்து என்று காட்டிக்கொண்டே வந்தேன். நீளக் கோட்டைப் பார்த்ததும் விரலை வைத்தாள்.

"இதுதான் அவுக கண்டுபிடிச்ச கோடா?"

"ஆமா தாயி."

ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக்கொண்டே வந்தாள். தொட்டுத் தொட்டு அந்த ஓரத்துக்கு வந்து நின்றாள். ரப்பர் தேய்த்ததில் அங்கே காகிதம் மெலிந்துபோயிருந்தது.

"இங்கன என்னமோ எழுதி அழிச்சிருக்கே?"

"நேரத்தத் தப்பாக் குறிச்சுட்டேன்."

அவள் நம்பிவிட்டாள். என்னை அவள் எதற்குச் சந்தேகப்படப் போகிறாள்? சுருளைப் பதமாகச் சுற்றி, உன் சட்டைகள் இருக்கிற பெட்டியில் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவுக சொன்னத எல்லாம் நீ கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தண்ணே? அது போதும். அவுக அநாதையாப் போகல."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவளுக்கு அது நிம்மதி என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், நான் இதைச் சுமந்துகொண்டே செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். நினைத்தபடி ஒரு மாதம் இருந்தும் பார்த்தேன்.

இப்போது அதே சரிவில், கொஞ்சம் தள்ளிப் புதுக் கொட்டகை போடுகிறார்கள். புது ஆள் ஒருவன் வந்திருக்கிறான், நல்ல பையன், கல்யாணமாகி ஆறு மாதம். திருப்பிப் பேசுகிற ரேடியோ இல்லாமல் அவனை மேலே அனுப்பாதீர்கள் என்று மூன்று மனுப் போட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மழைக்காலத்தில் மட்டுமாவது ஆள் இல்லாமல் ஓட்டுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. நான் யார், மாடியில் பேனா முள்ளுக்கு மை ஊற்றுகிறவன்.

அந்தப் பையனின் பெண்டாட்டி பயந்துபோய், விசாரித்துக்கொண்டு நாகம்மாளைத் தேடி வந்திருக்கிறாள். போகவிடட்டுமா வேண்டாமா என்று கேட்டு அழுதிருக்கிறாள். நாகம்மாள் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "பயப்படாத தாயி. கீழ எங்கண்ணன் உக்காந்திருக்காக. ஒரு புள்ளி தப்பாமப் பாப்பாக" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நேற்று அவளே இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தேன்.

இனிமேல் மறைத்தால் அது உனக்குச் செய்கிற துரோகம் மட்டும் இல்லை, மாப்ளே. அந்தப் பெண் என்னை நம்பிப் புருஷனை மலைக்கு அனுப்புவாள்.

இந்தப் பத்திரிகை அச்சாகிச் சிலமலைக்குப் போய்ச் சேருவதற்கு முன், என் வாயால் நாகம்மாளிடம் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை முதல் பஸ்சில் போகிறேன். அந்தச் சுருளை எடுத்துவரச் சொல்லி, அழித்த இடத்தில் அந்த இரண்டு வார்த்தையை அவள் கண்ணெதிரே திரும்ப எழுதுகிறேன். அவளிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலைப் பிடுங்கப் போகிறேன். அதற்குப் பதிலாகக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்வேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இன்றைக்கு ஒரு நாள் மட்டுமாவது நாகம்மாளுக்கு அண்ணனாக இருக்கிற
உன் மச்சான் சௌந்தரபாண்டி